பத்திரிகைப் படிப்பு பட்டணத்தோட நின்னு போச்சே... காரைக்காலுக்கு எப்போ வரும்?

காரைக்கால்:
"தம்பி, நீங்கதான் பேப்பர்காரராச்சே. எம் பொண்ணு பிளஸ்-2 முடிச்சிருக்கு. டாக்டர், என்ஜினீயர் எதுவும் வேணாமாம். டி.வி.யில மைக் பிடிச்சு நிக்கணுமாம். அதுக்கு எங்கே சேர்க்கறது?"

தருமபுரம் டீக்கடையில் ஒரு கொத்தனார் அண்ணன் கேட்ட கேள்வி இது. சட்டுன்னு பதில் சொல்ல வரலை. நானே அந்தப் படிப்பு படிச்சவன் இல்லை. பள்ளிக்கூடத்தோட சரி. போலீஸ் ஸ்டேஷன் வாசலும், ஜி.எச். வராண்டாவும், கலெக்டர் ஆபீசும்தான் நமக்குக் காலேஜ். விசாரிச்சுப் பார்த்ததில், இந்தப் படிப்பு வளர்ந்த கதை பெரிய கதை. ஆனா அது நம்ம ஊர் வரைக்கும் வந்து சேரலை என்பதும் தெரிஞ்சது.

ஒரே வருஷம், இரண்டு சேதி

பத்திரிகைத் தொழிலைப் பாடமாகச் சொல்லித்தர முடியுமா என்று ஒரு காலத்தில் சிரித்தார்கள். 1908-ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் அதற்கென்றே தனிப் பள்ளி திறந்தது. அதே 1908-ல்தான் பிரிட்டிஷ்காரன் பிடித்து உள்ளே போடுவான் என்று பாரதியார் சென்னையை விட்டு புதுச்சேரிக்கு வந்தார். அவருடைய 'இந்தியா' பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. காரைக்காலைப் போல புதுச்சேரியும் அப்போ பிரெஞ்சுக்காரன் பூமி. அங்கே பத்திரிகைக்குப் பள்ளிக்கூடம் திறந்த வருஷத்தில், இங்கே பத்திரிகைக்கு அடைக்கலம் கிடைத்தது.

நம்ம நாட்டில் 1941-ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை ஆரம்பித்தது. நாடு சுதந்திரம் வாங்கிய 1947-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பு வந்துவிட்டது. தென்னிந்தியாவுக்கே முன்னோடி அது. ஒரு சின்ன பட்டயப் படிப்பாக ஆரம்பித்தது, இன்றைக்கு இதழியல் மற்றும் தொடர்பியல் துறையாக முதுகலை, ஆராய்ச்சி வரைக்கும் வளர்ந்து நிற்கிறது.

1965-ல் டெல்லியில் மத்திய அரசின் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் வந்தது. 1993-ல் சன் டி.வி. வந்த பிறகு 'விஸ்காம்' படிப்புக்கு கிராக்கி ஏறியது. 2000-ல் ஆசிய இதழியல் கல்லூரி பெங்களூரில் இருந்து சென்னைக்கு வந்தது. 2025-ல் தமிழக அரசே சென்னை கோட்டூர்புரத்தில் சென்னை இதழியல் நிறுவனத்தைத் திறந்தது. நம்ம புதுவைப் பல்கலைக்கழகத்திலும் காலாப்பட்டில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது.

சாதனையும் சும்மா இல்லை. 2004 பிப்ரவரி 1-ந்தேதி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 'அண்ணா எப்.எம்.' ஒலிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். அதுக்கு அப்புறம் 2006-ல் தொண்டு நிறுவனங்களும் ரேடியோ நடத்தலாம் என்று மத்திய அரசு கதவைத் திறந்துவிட்டது. 2016-ல் பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' வந்ததும் அந்த வழியில்தான்.

யாரும் சொல்லித் தரலை

"படிச்சாத்தான் நிருபரா? அனுபவம் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு நியாயம்தான். 1942-ல் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் லண்டன் போய் பாரிஸ்டர் படித்தவர். ஆனா டீக்கடையில் படிக்கிறவனுக்குப் புரியும்படி எழுதணும் என்று நிருபர்களுக்குப் பழக்கிவிட்டார். அதுக்காக 'இதழாளர் கையேடு' என்று ஒரு புத்தகமே எழுதினார். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில் பழகி வந்தவர்களும் ஏராளம். பத்திரிகை ஆபீசே பள்ளிக்கூடமாக இருந்த காலம் அது.

ஆனா எல்லா ஆபீசும் அப்படிச் சொல்லித் தராது. என் கதையையே சொல்றேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசு. ஒரு சின்னப் பொண்ணுக்கு நடந்த கொடுமையைச் செய்தியாக எழுதினேன். பேரைப் போடலை. ஆனா தெரு பேரு, அப்பா செய்யற வேலை எல்லாம் போட்டுட்டேன். மறுநாள் தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு.

பலாத்காரத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டினால் தண்டனை என்று சட்டத்தில் 1983-லேயே சேர்த்துவிட்டார்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இன்னும் கறார். பேரு, போட்டோ மட்டுமில்லை. பள்ளிக்கூடம், குடும்ப விவரம், குடியிருக்கும் பகுதி எதையும் போடக்கூடாது. இதழியல் வகுப்பில் இதெல்லாம் பாடம். எனக்கு யாரும் சொல்லித் தரலை. அதுக்கான விலையை அந்தக் குடும்பம் கொடுத்தது.

இன்னொண்ணு. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுவை அரசு பொது சுகாதார அவசர நிலை அறிவித்தது. பள்ளி, கல்லூரியைக் கூட மூடினார்கள். அந்த மாதிரி நேரத்தில் எந்தத் தெரு குழாய்த் தண்ணியில் கோளாறு, பரிசோதனை முடிவு என்ன, எங்கே போய் மருந்து வாங்கறது என்பதுதான் ஜனத்துக்கு வேண்டிய செய்தி. வாட்ஸ்-அப்பில் ஒரு தப்பான சாவுக் கணக்கு ஓடினால் போதும், ஊரே பீதி ஆகிவிடும். சரிபார்த்து எழுதறதும் ஒரு தொழில். அதையும் படிச்சுத்தான் வரணும்.

கதவு யாருக்குத் திறக்குது?

இப்போ கொத்தனார் அண்ணன் கேள்விக்கு வருவோம். தனியார் கல்லூரியில் கட்டணம் லட்சக்கணக்கில். பாடம் ஆங்கிலத்தில். அரசுப் பல்கலைக்கழகத்தில் செலவு குறைவுதான். ஆனா காலாப்பட்டுக்கு இங்கிருந்து 130 கிலோ மீட்டருக்கு மேல. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைத் தாண்டித்தான் நம்ம பல்கலைக்கழகத்துக்கே போகணும். அகில இந்திய நுழைவுத் தேர்வும் எழுதணும். புதுவைக்காரர்களுக்கு 25 சதவீத இடஒதுக்கீடு சில படிப்புகளில்தான் வந்தது. எல்லாப் படிப்புக்கும் வேணும் என்று நம்ம பிள்ளைகள் எத்தனையோ வருஷமாகக் கேட்கிறார்கள்.

படித்து முடித்தவர்களும் சென்னை, டெல்லி என்று போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாவட்ட நிருபர் பலருக்கு மாசச் சம்பளமே கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. பெட்ரோலுக்கே பத்தாது. இதனால் படிச்சவங்க ஊருக்கு வர்றதில்லை, ஊர்ல இருக்கறவங்களுக்குப் படிப்பு கிடைக்கறதில்லை. கடைமடைக்குக் காவிரித் தண்ணி வராத கதைதான்.

என்ன செய்யலாம்?

புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு காரைக்காலிலேயே ஒரு வளாகம் இருக்கு. அங்கே சனி, ஞாயிறு மட்டும் ஒரு சான்றிதழ் வகுப்பு வைக்கலாம். தமிழில் நடத்தணும். கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையும் கட்டற மாதிரி கட்டணம் இருக்கணும். பத்தாவது, பிளஸ்-2 படிச்சவங்களையும், ஏற்கனவே தொழிலில் இருக்கும் என்னைப் போன்ற ஆட்களையும் சேர்த்துக்கணும். சட்டம், செய்தியைச் சரிபார்ப்பது, புயல் நேரத்தில் என்ன எழுதறது, செல்போனில் வீடியோ எடுப்பது இவ்வளவு சொல்லித் தந்தாலே போதும். காலாப்பட்டில் இருந்து ஆசிரியர்கள் மாசத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறினால் முடியற காரியம்.

அண்ணனுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: "பொண்ணை முதல்ல ஏதாவது ஒரு டிகிரி முடிக்கச் சொல்லுங்கண்ணே. விஸ்காம், இதழியல் கிடைச்சா நல்லது. இல்லேன்னா தமிழோ, வரலாறோ எதுவானாலும் பரவாயில்லை. அதுக்கு அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டு, கோட்டூர்புரம் எல்லாத்துக்கும் விண்ணப்பம் போடலாம். அதுவரைக்கும் தினம் ரெண்டு பேப்பர் படிக்கட்டும். ஒரே செய்தியை ரெண்டு பேரும் எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்க்கட்டும்."

"டிகிரி முடிக்க மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள இங்கேயே வகுப்பு வந்துடுமா தம்பி?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியது காலாப்பட்டு.