தனித் தட்டு எதற்கு?

போன புரட்டாசியில் திருவையாற்றில் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பா நடவு சமயம். சமையலறையில் நுழைந்ததுமே, அலமாரி ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தட்டும் டம்ளரும் கண்ணில் பட்டன. யாருடையவை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தங்கைக்கு மூன்று வருஷமாக முழங்கையிலும் முட்டியிலும் சொரியாசிஸ். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பார்களே, அதுதான்.

"வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கே, ஒட்டிக்கிட்டா?" என்றார் அவள் மாமியார். கெட்ட மனசு இல்லை, பயம்.

"ஏன் அத்தை, நாத்து பறிக்க எத்தனை நாளாகும்?"

"இருபத்தஞ்சு நாளாவது வேணும்."

"அஞ்சாம் நாளே பறிச்சா?"

"நல்லா கேட்டே! அது வெறும் முளை. வயல்ல நிக்குமா?"

தோலிலும் இதே கதைதான். அடிவரிசைதான் நாற்றங்கால். அங்கே பிறக்கும் செல் மெள்ள மேலே வந்து, முற்றி, தெரியாமல் உதிர ஏறக்குறைய ஒரு மாதமாகும். சொரியாசிஸில் நாலைந்து நாளிலேயே வந்துவிடுகிறது. முற்றாத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வெள்ளைச் செதிலாகின்றன.

இந்த அவசரத்தைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள்கூட உண்டு. கி-67 என்று ஒன்று. 1983ல் ஜெர்மனியின் கீல் நகர ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். 'கி' அந்த ஊர்ப் பெயர்தான்! பெருகும் செல்லில்தான் அது தென்படும். நல்ல தோலில் அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சொரியாசிஸ் தோலிலோ கூட்டமாக, அடிவரிசைக்கு மேலேயும். காயம் ஆறும்போது தலைகாட்டும் கெராட்டின் 16, இங்கே காயமே இல்லாமல் வந்து நிற்கிறது. உடம்பின் காவல்படையே தவறாக உசுப்பிவிடுவதால் வரும் வினை. ஒட்டுவதற்குக் கிருமி ஏது? தட்டாலும் ஒட்டாது, துண்டாலும் ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது. பரம்பரையாக வரலாம், அது வேறு விஷயம்.

தங்கை திண்ணை வெயிலில் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டிருந்தாள். ஊதா நிறம் இறங்கியிருந்தது. தடவினால் செதில் மிருதுவாகும், தடவட்டும். ஆனால், கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையும் வைத்திருந்தாளே, அதற்குத்தான் கோபித்துக்கொண்டேன். திடீரென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் சிவந்து, சீழ்க்கொப்புளம் கிளம்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் போங்கள். காலையில் விரல் மூட்டு வீங்கி விறைத்தால் அதையும் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். தங்கையைத் தஞ்சாவூருக்கு டாக்டரிடம் அழைத்துப்போக மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

அன்று ராத்திரி அத்தை எல்லோருக்கும் வாழையிலை போட்டார். தட்டுப் பேச்சே எழவில்லை. சாமர்த்தியக்காரர்!