கண்ணருகு லென்சு: அசலும் போலியும்



2019 டிசம்பர் 26 அன்று காலை, கோவை, உதகை, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் வானில் சூரியன் நெருப்பு வளையமாகத் தோன்றியது உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். அத்தகைய காட்சிகளும், மாதந்தோறும் பிறை தேடும் நமது வழக்கமும் பிள்ளைகளின் உள்ளத்தில் வானை அறியும் ஆவலை வளர்க்கின்றன. அந்த ஆவலால் அவர்கள் தொலைநோக்கி கேட்கும்போது, பெட்டியின் மீதுள்ள வண்ணப் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறோம். முதலில் ஆராய வேண்டியவற்றுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும் கண்ணருகு லென்சு ஆகும்.

தொலைநோக்கியின் முகப்பிலுள்ள பொருளருகு லென்சு ஒளியைத் திரட்டிப் பிம்பத்தை உண்டாக்குகிறது. அப்பிம்பத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குத் தருவது கண்ணருகு லென்சு. பெயரில் ஒரு லென்சாக இருந்தாலும், பெரும்பாலும் அது பல லென்சுகளை உள்ளடக்கிய சிறு குழலே. 17ஆம் நூற்றாண்டில் ஹைகன்ஸ் இரண்டு லென்சுகளைக் கொண்டு ஒன்றை அமைத்தார். 1849இல் கெல்னர் அதனினும் தெளிவான ஓர் அமைப்பைத் தந்தார். 1860இல் வியன்னா நகரத்துப் புளோசல், இவ்விரண்டாக ஒட்டிய நான்கு லென்சுகளால் தம் பெயர் விளங்கும் அமைப்பை உருவாக்கினார்.

இப்பெயர்கள் இன்று எவருக்கும் தனியுரிமை அல்ல. ஆகவே வேறொரு நிறுவனம் புளோசல் அமைப்பில் செய்து, தன் பெயரிலேயே விற்றால் அது போலியாகாது. உள்ளே இரண்டு மலிவான லென்சுகளை வைத்துவிட்டு வெளியே 'புளோசல்' என்று அச்சிடுவதும், பிறர் நிறுவனத்தின் முத்திரையைத் திருடிப் பதிப்பதுமே போலி. நம் பகுதியிலேயே இதற்கு உதாரணம் உண்டு. விசைத்தறியில் நெய்த விரிப்பை விசைத்தறி விரிப்பு என்று சொல்லி விற்பது வியாபாரம். கைத்தறிக்குப் பெயர் பெற்ற பவானி ஜமக்காளம் என்று சொல்லி விற்பது மோசடி.

இனி, வாங்குவோர் செய்யத்தக்க சோதனைகளைக் காண்போம்.

முதலாவதாக, பெட்டியிலுள்ள எண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள். பொருளருகு லென்சின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 700 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில் 4 மி.மீ. லென்சைப் பொருத்தினால் 175 மடங்கு. மும்மடங்காக்கும் துணை லென்சையும் சேர்த்தால் 525 மடங்கு. ஆனால் முகப்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதைப் போல் இரு மடங்குதான் பயன்தரும் உச்சம் என்பது பொதுவான கணக்கு. முகப்பு 76 மி.மீ. என்றால் 152 மடங்கு. அதற்கு மேல் பிம்பம் பெரிதாகும், தெளிவு வளராது. எனவே '525 மடங்கு' என்னும் பெரிய எழுத்துகள் கணக்கில் சரியாக இருந்தும் பயனில் வெறும் ஓசையே.

இரண்டாவதாக, குழலின் விட்டத்தைப் பாருங்கள். 1.25 அங்குலம், அதாவது ஏறத்தாழ 31.7 மி.மீ. என்பது பரவலான அளவு. விளையாட்டுப் பொருள் போன்ற கருவிகளில் 24.5 மி.மீ. குழல்களே மிகுதி. சிறிய குழல் என்பதால் மட்டும் அது போலியாகிவிடாது. ஆனால் பின்னாளில் நல்ல லென்சு வாங்கிப் பொருத்துவது கடினமாகும்.

மூன்றாவதாக, லென்சை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். மேற்பூச்சு உள்ள கண்ணாடியில் விளக்கின் நிழல் மங்கலாக, பச்சை அல்லது ஊதா நிறத்தில் தெரியும். பூச்சில்லாத கண்ணாடியில் வெள்ளையாகப் பளிச்சிடும். கண்ணைக் கவரும் செம்பூச்சு உயர்ந்ததென்று மயங்காதீர்கள். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. குழலின் உட்புறமும் கருமையாக இருத்தல் வேண்டும். பளபளத்தால் சிதறிய ஒளி காட்சியைக் கெடுக்கும்.

நான்காவதாக, ஒரே தொலைநோக்கியில் நம்பகமான லென்சையும் ஐயத்திற்குரிய லென்சையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே குவியத் தூரம் உடையவையாக இருக்கட்டும். கருவி மாறினால் முகப்பு லென்சின் குறையைக் கண்ணருகு லென்சின் மேல் ஏற்றிவிடுவோம். தொலைவிலுள்ள பெயர்ப் பலகையின் எழுத்து, நிலவின் விளிம்பு, நடுவில் நிறுத்திய விண்மீன் ஆகிய மூன்றும் போதுமான சாட்சிகள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. சில பெட்டிகளில் கண்ணருகு லென்சோடு திருகிப் பொருத்தும் சிறு கறுப்புக் கண்ணாடி ஒன்று, சூரியனைப் பார்ப்பதற்கென்று வைக்கப்பட்டிருக்கும். அதை உடனே அப்புறப்படுத்திவிடுங்கள். முகப்பு திரட்டிய வெப்பம் முழுவதும் அவ்விடத்தில் குவிவதால் அது திடீரெனப் பிளக்கக்கூடும். அடுத்த கணம் பிள்ளையின் பார்வை பறிபோகலாம். சூரிய வடிகட்டி முகப்பை முழுவதும் மூட வேண்டுமேயன்றிக் கண்ணருகில் இருத்தல் கூடாது. கிரகணத்தின் போதும் இதுவே விதி.

பெயரை நம்பாமல் பொருளைச் சோதிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் (965-1040), பார்வையையும் ஒளியையும் ஆராய்ந்து 'கிதாபுல் மனாழிர்' எழுதியவர். பெரும்புகழ் பெற்ற தாலமியின் கூற்றுகளையும் ஐயத்தோடு ஆராய்ந்து தனிநூல் செய்தார். இஸ்ஃபஹானைச் சேர்ந்த அப்துல் அயிம்மா, வான்கணிப்புக் கருவியாகிய அஸ்தர்லாபைச் செய்வதில் பெயர் பெற்றவர். அவர் பெயர் பொறித்த சில கருவிகள் போலியானவை என்பதை 1972இல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். வெளியழகைப் பின்பற்றிய கை, வான்கணக்கைப் பின்பற்றவில்லை.

வியாபாரம் செய்யும் சகோதரர்களே! தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவியதும், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்ததும் நாம் அறிந்த செய்தியே. லென்சுக் குழலும் ஒரு குவியல்தான். அதன் உள்ளிருப்பதை வாங்குபவரால் காண இயலாது. ஆகவே அதை எடுத்துரைப்பது விற்பவர் மீதுள்ள அமானிதம்.

பெற்றோர்களே! மங்கலான பிம்பத்தை ஒரு முறை கண்ட பிள்ளை, வானமே இவ்வளவுதான் என்று எண்ணிக் கருவியைப் பரண்மேல் போட்டுவிடக்கூடும். பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். அணைந்த ஆவலை மீண்டும் ஏற்றுவது எளிதன்று. ரசீது கேளுங்கள், சோதித்து வாங்குங்கள். பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல லென்சுக்குக் கொடுங்கள். அடுத்த பிறையை உங்கள் பிள்ளை தெளிவாகக் காண அல்லாஹ் அருள்வானாக!