முதலும் வட்டியும்

சென்ற மாதம் ஒரு பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்ற நூல்மேல் நமக்குக் குறை ஏதுமில்லை, நல்ல நூல்தான். முள் இருப்பது நடுவர் குறிப்பில். போரில் உயிர்பிழைத்த கதையைத் தமிழில் சொல்லும் முதல் தன்வரலாறாம் இது. இன்னோர் இதழ் அதை அட்டையிலேயே போட்டுவிட்டது.

முதல்! இந்தச் சொல்லைப் பறித்துக்கொண்டால் நம் விமரிசகர்களில் பாதிப் பேருக்குப் பேச்சு நின்றுவிடும். முதல் நகர நாவல், முதல் கடல் நாவல், முதல் உடைந்த பிரதி. எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் முதல் என்றால் வட்டிக்கு விடுகிற பணம். விமரிசனத்திலும் அதே கணக்குதான் போலிருக்கிறது. முதல் போட்டவருக்குக் கருத்தரங்கு தோறும் வட்டி வருகிறது.

பரிசு நூல்தான் முதல் என்றால், வெ. சாமிநாத சர்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்தியவர். 1941 டிசம்பர் 23 அன்று அந்த நகரத்தின்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 4 லட்சம் இந்தியர்கள் தரைவழியே கிளம்பினார்கள். வாந்திபேதி, மலேரியா, பசி என்று வழியில் விழுந்தவர்களைச் சரியாக எண்ண ஆளில்லை. மணிப்பூர் மலையேற வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு வேறு பாதை. மனைவி மங்களத்தோடு அந்தக் கூட்டத்தில் நடந்து வந்து சேர்ந்தவர் எழுதியதுதான் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’.

அது பயண நூலல்லவா என்று கேட்பார்கள். தலைப்பை வைத்துப் பிரிப்பதென்றால் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலை மீன்வளத்துறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எனக்குப் பிளேட்டோவைக் காட்டியவர் சர்மா. பதினேழு வயதில், அட்டை போன ‘பிளேட்டோவின் அரசியல்’. பாதி புரியவில்லை, புரியாததையும் மரியாதையாகச் சொல்கிறாரே என்று விடாமல் படித்தேன். காரல் மார்க்ஸ் வாழ்க்கையும் அவர் வழியாக வந்ததே. வாத்தியார் நடை என்று பிற்பாடு நாங்களே கேலி செய்திருக்கிறோம். அந்த வாத்தியார் நிதானம்தான் பர்மாக் காட்டில் நம்மைக் கைபிடித்துக் கூட்டிப் போகிறது. மாரில் அடித்துக்கொள்வதில்லை. அதனால்தானோ என்னவோ, சாட்சிய இலக்கியம் பேசுகிறவர்களின் பட்டியலில் அவருக்கு இடமில்லை. அவர்களுக்குக் காயம் போதாது, கட்டை அவிழ்த்தும் காட்ட வேண்டும். நினைவு அரசியல் என்று ஐம்பது பக்கம் எழுதுகிறவர், தன் தெருவில் தேக்குத்தூண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பர்மாக் கிழவியிடம் ஐந்து நிமிஷம் பேசியிருப்பாரா?

பேசிய ஒருவர் இருக்கிறார். நடந்து வந்த குடும்பங்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதிய நம்மூர் நண்பர், வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கிளை நூலக மாடியில் பேசுகிறார். மேடை, பொன்னாடை கிடையாது. நடுவர்களும் வரலாம்.

சர்மாவைப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த நூலகத்தில் இருக்கும் ஒரே பிரதி எட்டு மாதமாக என்னிடம் கிடக்கிறது. ஞாயிறன்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.