நானோ மஞ்சளும் பெருங்குடல் புற்றுநோயும்: ஒரு மறுப்பு

“மஞ்சளில் உள்ள குர்குமின் பெருங்குடல் புற்றுநோயைத் தீர்க்கும். உடம்பில் ஏறாததுதான் அதன் ஒரே குறை. நானோ துகளில் அடைத்துக் கொடுத்தால் நேராகக் கட்டிக்கே போய்ச் சேரும். செடியிலிருந்து வந்ததால் பக்கவிளைவும் கிடையாது.” காணொளிகளிலும் கேப்ஸ்யூல் விற்பவர்களின் பேச்சிலும் இந்த வாக்கியங்கள் ஓயாமல் வருகின்றன. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பொருளுக்கு நவீன அறிவியலின் பெயரும் சேரும்போது யாருக்கும் நம்பத்தான் தோன்றும். அந்த நம்பிக்கையில் ஒரு நோயாளி கீமோவைத் தள்ளிப்போட்டால் அது அவர் உயிர்ப் பிரச்சினை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.

உடம்பில் ஏறுவதில்லை என்பது உண்மைதான். குர்குமின் நீரில் கரையாது. கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் சுவரும் கல்லீரலும் அதை உடனே உருமாற்றி வெளியேற்றிவிடும். 2001இல் வெளியான தைவான் ஆய்வில் நாளொன்றுக்கு 8 கிராம் வரை குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் என்பதால், கால் கிலோ மஞ்சள் தூளில் இருக்கும் அளவு அது. அப்படியும் ரத்தத்தில் மிகச் சொற்பமாகவே தென்பட்டது.

அது ‘ஒரே குறை’ என்பதைத்தான் நான் மறுக்கிறேன். பேச்சு குடலைப் பற்றியது. விழுங்கிய மருந்து ரத்தத்தில் ஏறாவிட்டால் எங்கே தங்கும்? குடலில்தான். பிரிட்டனில் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகளுக்கு நாளுக்கு 3.6 கிராம் வரை சாதாரண குர்குமின் கொடுத்து, பிறகு வெட்டியெடுத்த குடல் திசுவைச் சோதித்தார்கள். திசுவில் குர்குமின் இருந்தது. அதாவது நானோ இல்லாமலேயே பொருள் இடத்துக்குப் போய்விட்டது. போன இடத்தில் என்ன செய்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்கு விடை தரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. பரம்பரையாகச் சிலருக்குப் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் என்னும் சிறு கட்டிகள் முளைக்கும். கவனிக்காமல் விட்டால் அவை புற்றாக மாறுவது ஏறக்குறைய நிச்சயம். 2006இல் இப்படிப்பட்ட ஐந்து பேருக்குக் குர்குமினும் குவெர்செட்டின் என்ற மற்றொரு தாவரப் பொருளும் ஆறு மாதம் கொடுத்ததில் பாலிப்புகள் சுமார் 60 சதவீதம் குறைந்ததாக மார்சியா குருஸ்-கொரேயா குழு எழுதியது. காணொளிக்காரர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குருஸ்-கொரேயா நிறுத்தவில்லை. அவரே 44 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 3 கிராம் குர்குமினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் ஓராண்டு கொடுத்து, 2018இல் முடிவை வெளியிட்டார். பாலிப்பின் எண்ணிக்கையிலும் சரி, அளவிலும் சரி, இரு பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை. தன் பழைய முடிவைத் தானே சோதித்து, பலிக்கவில்லை என்று அறிவித்த அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எதிர்த்தரப்புக்குச் சாதகமானதையும் மறைக்கக் கூடாது. 2019இல் லெஸ்டர் குழு, நோய் பரவிவிட்ட 28 பேரில் ஒரு பகுதியினருக்குக் கீமோவோடு குர்குமினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. தாங்கிக்கொள்ள முடிகிறது, பெரிய ஆய்வுக்குத் தகுதி உண்டு என்பதுதான் அதன் முடிவு. கவனியுங்கள்: அங்கே குர்குமின் கீமோவுக்குத் துணையாக வந்தது. கீமோவை யாரும் நிறுத்தவில்லை.

“ஆயிரக்கணக்கான ஆய்வுகள் இருக்கின்றனவே” என்பார்கள். இருக்கின்றன, பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும். குர்குமின் தானே ஒளிரும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும். அதனால் ஆய்வகச் சோதனைகளில் வேலை செய்வதுபோல் பொய்யாகக் காட்டிவிடும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2017இல் இதையெல்லாம் விரிவாக அலசினார்கள். மனிதர்களில் நடந்த 120க்கும் மேற்பட்ட சோதனைகளில், மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்திய எதிலும் குர்குமின் வெல்லவில்லை என்பது அவர்கள் கண்டது.

நானோ துகள் நேராகக் கட்டிக்குப் போகும் என்பது அடுத்தது. டொராண்டோவில் வாரன் சான் குழு, பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கணக்கிட்டது: ஊசியில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை எட்டியது, இடைநிலை அளவில், 0.7 சதவீதம். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. விழுங்கும் மருந்துக்குப் பெருங்குடலை அடைந்த பிறகே கரையும் உறைகள் செய்ய முடியும். குடல் அழற்சிக்கு அப்படிப்பட்ட மாத்திரைகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. ஆனால் இந்தப் புற்று ஆளைக் கொல்வது பெரும்பாலும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பிறகு. குடலுக்குள் கரையும் உறை அங்கே எட்டாது.

பக்கவிளைவு பற்றிய பேச்சு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அது கீமோ வேறு, செடி வேறு என்று மக்களை நம்பவைக்கிறது. பெருங்குடல் புற்றுக்கு உலகெங்கும் கொடுக்கும் கீமோ மருந்துகளில் ஒன்றான இரினோடெகன் ஒரு மரத்திலிருந்து பிறந்தது. மன்ரோ வாலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசினைப் பிரித்து 1966இல் அறிவித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் அது உண்டு என்று 1972இல் காட்டியவர், சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி. அந்தச் செடிப் பொருளை அப்படியே மனிதருக்குக் கொடுத்தபோது நச்சுத்தன்மை தாங்க முடியாமல் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. வேதியியலாளர்கள் அதை மாற்றியமைத்து உருவாக்கிய இரினோடெகன் 1996இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அது உயிரைக் காக்கிறது, கடுமையான வயிற்றுப்போக்கையும் தருகிறது, வெள்ளணுக்களையும் குறைக்கிறது.

அதே மருந்தைக் கொழுப்பாலான நானோ குமிழிக்குள் அடைத்த வடிவமும் வந்துவிட்டது. 2015இல் அனுமதி கிடைத்தது, கணையப் புற்றுநோய்க்கு. அந்த அனுமதிக்கு அடிப்படையான சோதனையில், பழைய மருந்தோடு இதைச் சேர்த்தபோது நோயாளிகளின் ஆயுள் 4.2 மாதத்திலிருந்து 6.1 மாதமாக நீண்டது. கடும் வயிற்றுப்போக்கு பற்றிய எச்சரிக்கை அந்த மருந்தின் விவரக் குறிப்பிலும் இருக்கிறது. செடியும் நானோவும் கைகோத்த உண்மைக் கதை இது: அரை நூற்றாண்டு உழைப்பு, இரண்டு மாத ஆயுள். அந்த இரண்டு மாதத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. சோதனையே இல்லாமல் முழுக் குணம் என்று விற்பவரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குர்குமினும் சாதுவல்ல. உடம்பில் நன்றாக ஏறும்படி செய்த மஞ்சள் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக இத்தாலியில் புகார்கள் எழுந்தன. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரிக்கை விடுத்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். ஏறாத பொருளை ஏறவைத்தால் அதன் தீங்கும் சேர்ந்தே ஏறும்.

முறையான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த அமெரிக்க நோயாளிகளை யேல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். பெருங்குடல் புற்றில் அப்படிச் செய்தவர்களுக்கு இறக்கும் அபாயம் நாலரை மடங்கு அதிகம். உங்கள் வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், அலமாரியில் இருக்கும் மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பாவை அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர் பார்க்காமல் அதைக் கொடுக்காதீர்கள். அதை நம்பிக் கீமோவின் ஒரு தவணையைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.