பிரயாணத் திட்டம் மாறலாம், வாக்கு மாறலாகாது

மதுரையில் புறப்பட்டு, சோழவந்தான், வாடிப்பட்டி, சின்னாளபட்டி வழியாகத் திண்டுக்கல் வரை ஒரு சுற்றுப்பிரயாணம். இன்ன தேதி, இன்ன மணி, இன்ன சங்கம் என்று காகிதத்தில் வகுப்பது எளிது. ஆனால் வருபவரின் சௌகரியத்தை எண்ணி, காத்திருப்பவரின் வேலையை மறந்துவிடும் வழக்கம் எம் போன்ற கூட்டுறவு இன்ஸ்பெக்டர்களிடம் இன்னும் அகலவில்லை. இதனால் விளையும் நஷ்டம் யாரைச் சேருகிறது?

நெசவாளர் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிடுவது காலை வேலை. பாதியில் கைவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மல்லிகையை மொட்டாகவே பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். மலர்ந்த பூவுக்கு மொட்டின் விலை கிடையாது. காலை 9 மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி மாலை 4 மணிக்கு வந்தால், அவருக்குத் தினப்படி உண்டு. தறியை நிறுத்திக் காத்திருந்தவருக்கு அன்றைய கூலி இல்லை.

திட்டமே மாறக்கூடாது என்பதன்று என் கட்சி. காந்தியடிகளின் 1921-ஆம் ஆண்டுப் பிரயாணத்தை எண்ணிப் பாருங்கள். உடன் வந்த மௌலானா முகமது அலி செப்டம்பர் 14-ல் வால்ட்டேரில் கைதானார், பயணம் நிற்கவில்லை. கதர் வாங்க வசதியில்லை என்று ரயிலில் ஏழைகள் சொன்னதைக் கேட்டார். செப்டம்பர் 22-ல் மதுரையில் அரைவேட்டிக்கு மாறினார். அக்டோபர் 31 வரையிலாவது அவ்வாறிருப்பதென்பதே அன்றைய எண்ணம். அதுவே ஆயுட்கால உடையாயிற்று. வழியில் கண்ட மக்களின் நிலையே அம்மாற்றத்திற்குக் காரணம். மாறுவதற்கு இதுவே தகுந்த காரணம்.

ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறும் நாளில், கணக்குப் பார்ப்பதைவிட நூல் நனையாமல் காக்க உதவுவதே முதற்காரியம். அன்று திட்டத்தை மாற்றுவதே கடமை.

முன்னறிவிப்பில்லாத சோதனை வேண்டாமா எனச் சிலர் கேட்பர். வேண்டும், ரொக்கத்தையும் சரக்கிருப்பையும் சரிபார்க்கத் திடீரென வருவது நியாயமே. அதற்குக் காரியதரிசியும் கணக்குப் புத்தகங்களும் போதும். ஊரையே கூட்டி உட்கார வைக்க வேண்டுவதில்லை.

ஆகவே அங்கத்தினர் கூட்டங்களை மாலையில் வைக்க வேண்டும். நேரம் மாறுமாயின் முந்திய நாளே காரியதரிசிக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அவர் அதனைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதிவிட வேண்டும். குறித்த நேரம் கடந்து ஒரு மணிக்கு மேல் எவரும் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் விதி செய்யலாம். இவற்றைச் சலுகையாகக் கேளாதீர்கள். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகவே நிறைவேற்றி அனுப்புங்கள். சங்கத்தின் சொந்தக்காரர்கள் நீங்கள், வந்துபோகிறவர்கள் நாங்கள்.