62-ஆம் நம்பருக்குப் பதில் யார்?



விளையாட்டுப் பகுதி என்றாலே கோல் போட்டவர், செஞ்சுரி அடித்தவர், கோப்பையைத் தூக்கிக் காட்டியவர் என்று இவர்கள் படத்தைத்தான் நாம் வெட்டி ஒட்டுவோம். இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்ட ஆளுக்குப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வேலையே இல்லை. எவ்வளவு பெரிய மேட்ச் ஆனாலும் ஸ்கோர் அட்டையில் அவருக்கென்று ஒரு நம்பர் வராது. பெயர் ஜேசன் கெல்சி. அமெரிக்காவில் பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற அணியில் 13 வருடம் லைன்மேனாக ஆடிவிட்டு, 2024 மார்ச் 4-ஆம் தேதி ஓய்வு பெற்றவர்.

லைன்மேன் என்றதும் கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள்! ஆனால் யோசித்துப் பார்த்தால் ரெண்டு பேருக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. கரண்ட் ஒழுங்காக வரும்வரை அந்த லைன்மேனை யாரும் நினைப்பதில்லை, போனால்தான் “எங்கேப்பா அந்த ஆள்?” என்று தேடுவோம். இந்த லைன்மேனும் அப்படித்தான். அவர் தப்பு செய்தால் மட்டும் நடுவர் மைக்கில் அவர் சட்டை நம்பரைச் சொல்லி 10 கெஜம் பின்னால் தள்ளுவார். ஒழுங்காகச் செய்த அறுபது தடவைக்கு ஒரு வார்த்தை கிடையாது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபுட்பால் என்று பெயர் இருந்தாலும் நாம் காலால் உதைத்து ஆடுவது இல்லை இது. முட்டை மாதிரி ஒரு பந்து. பக்கத்துக்கு 11 பேர். நான்கு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக், அவர்தான் ஹீரோ. அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்த ஐந்து பேருக்கும் எதிரிகளை மறிப்பதுதான் வேலை. முன்னால் எறியும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு அனுமதிகூடக் கிடையாது. ஐவரில் நடுவில் நிற்பவர் சென்டர். அதுதான் கெல்சியின் இடம்.

சென்டர் என்ன செய்கிறார் தெரியுமா? குனிந்து பந்தைத் தரையில் பிடித்துக்கொள்கிறார். கால்களுக்கு நடுவே, திரும்பிப் பார்க்காமல், பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கிடம் தள்ளுகிறார். பல சமயம் அவர் நான்கைந்து கெஜம் தள்ளி நிற்பார். சரியாக நெஞ்சுக்கு நேரே போக வேண்டும், உயரமாகப் போனால் ஆட்டம் கெட்டது. பந்து கையை விட்ட அதே நொடியில், எதிரே நிற்கும் 140, 150 கிலோ ஆள் இவர்மேல் பாய்வார். பாய்கிறவனுக்கு இரண்டு கை. இவருக்கோ அந்த நொடியில் ஒரு கை பந்தோடு பின்னால் இருக்கிறது.

இது உடம்பு வேலை. இதற்கு முன்னால் ஒரு மூளை வேலையும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. எதிரணி எப்படி நிற்கிறது, யார் பாயப் போகிறான், யார் பாய்வது போல நடிக்கிறான் என்று சில விநாடிக்குள் படித்து, மற்ற நான்கு பேருக்கும் “நீ இவனைப் பார், நீ அவனைப் பார்” என்று சென்டர்தான் கத்திச் சொல்கிறார். வெளியூர் மைதானத்தில் அறுபது எழுபதாயிரம் பேர் கூச்சல் போடும்போது குரல் கேட்காது. அப்போது எல்லாம் சைகை, தலையசைப்பு, தட்டிக் கொடுப்பதுதான். அவர் தப்பாகப் படித்தால் அடி விழுவது குவார்ட்டர்பேக்குக்கு. முட்டி போகலாம், தலையில் அடிபடலாம். ஆக, இன்னொருவர் உடம்புக்குப் பொறுப்பு ஏற்கிற வேலை இது.

இந்த வேலைக்குக் கெல்சி பொருத்தமே இல்லை என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். ஒஹையோ மாநிலம் கிளீவ்லண்ட் ஹைட்ஸ் ஊர்க்காரர். பள்ளியில் பந்தோடு ஓடுகிறவராக ஆடினார். (ஸ்கூல் பேண்டில் சாக்ஸஃபோன்கூட வாசித்திருக்கிறார்!) சின்சினாட்டி பல்கலைக்கழக அணியில் உதவித்தொகை எதுவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் அவரை லைன்மேன் ஆக்கினார்கள். 2011-ல் தொழில்முறை அணிகள் வரிசையாக ஆள் எடுத்தபோது அவருக்கு முன்னால் 190 பேர் எடுக்கப்பட்டுவிட்டார்கள். எடை 127 கிலோதான். நமக்கு அது மலை. லைன்மேன்களுக்கு நடுவே ஒல்லிப்பிச்சான். ஆனால் 40 கெஜத்தை 4.89 விநாடியில் ஓடினார். அந்த எடையோடு ஓடிப் பாருங்கள்!

அந்த வேகம்தான் அவர் ஆயுதம். சாதாரண சென்டர் நின்ற இடத்தில் மல்லுக்கட்டுவார். கெல்சி பந்தைத் தள்ளிவிட்டு, ஓரமாக ஓடி, பந்தோடு வருகிறவனுக்கு முன்னே வழிவிட்டுக்கொண்டே போவார். முதல் வருடமே 16 மேட்சிலும் அவர்தான் சென்டர். 2012-ல் இரண்டாவது மேட்சிலேயே முழங்கால் தசைநார்கள் கிழிந்து அந்த வருடம் போயிற்று. 2014-ல் ஒரு அறுவை சிகிச்சை, நான்கு மேட்ச் போச்சு. அதற்குப் பிறகுதான் என்னை வாய் பிளக்க வைத்த கணக்கு வருகிறது. 2014-லிருந்து 2023 பருவம் முடியும்வரை தொடர்ந்து 156 லீக் மேட்ச். ஒன்றுகூட விடவில்லை. வாரா வாரம் இடிபடுகிற இடத்தில், நடுவில் நின்றுகொண்டு! மொத்தம் 193 மேட்ச், எல்லாம் ஒரே அணிக்கு. ஆறு முறை அந்தந்த வருடத்தின் சிறந்த சென்டராக, முதல் ‘ஆல் புரோ’ அணியில் தேர்வானார். அதில் கடைசி மூன்றும் 2021, 2022, 2023 என்று வரிசையாக வந்தவை. 2023-ல் அவருக்கு 36 வயது.

2018 பிப்ரவரி 4-ல் ஈகிள்ஸ் முதல்முறையாக சூப்பர் பௌல் ஜெயித்தது, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை 41-33 என்று. நான்கு நாள் கழித்து ஊர்வலம். பிலடெல்பியாவில் புத்தாண்டன்று மம்மர்ஸ் என்று வேஷம் கட்டி ஊர்வலம் போவது பழைய வழக்கம். அந்தப் பளபள உடையைப் போட்டுக்கொண்டு கலை அருங்காட்சியகப் படிக்கட்டில் நின்று கெல்சி பேசினாரே ஒரு பேச்சு! தன்னைப் பற்றி மட்டும் பேசவில்லை. தன் கூட ஆடிய பலர் பெயரையும் சொல்லி, இவன் போதாது என்றார்கள், இவன் தேறமாட்டான் என்றார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். யூட்யூப்பில் இருக்கிறது. ரெண்டு மூணு கெட்ட வார்த்தை வரும், வீட்டில் சத்தம் குறைத்துப் பார்க்கவும்.

நம் வகுப்பில் பலருக்கு அவர் தம்பி டிராவிஸ் கெல்சியைத்தான் தெரியும், பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் வருங்காலக் கணவர் என்று 2025-ல் எல்லாப் பேப்பரிலும் வந்ததால். தம்பி பந்து பிடிக்கிறவர், அண்ணன் மறிக்கிறவர். ஃபோட்டோ யாருக்கு விழும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். இப்படி ஒருவர் போனால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவது?

ஈகிள்ஸ் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் போன பிறகு தேடவில்லை. 2021-லேயே லாண்டன் டிக்கர்சன் என்பவரை எடுத்தார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் சென்டராக ஆடியவர். கெல்சி போகிற வழியாகத் தெரியவில்லை, அதனால் டிக்கர்சன் பக்கத்து இடத்தில் நின்றார், அங்கேயே நிலைத்துவிட்டார். 2022-ல் இரண்டாம் சுற்றில், 51-ஆவது ஆளாக, நெப்ராஸ்காவிலிருந்து கேம் ஜர்கென்ஸை எடுத்தார்கள். அந்த வருட சென்டர்களின் வீடியோவைப் போட்டுப் பார்த்து, இவன்தான் எனக்குப் பிடித்தவன் என்று சொன்னதே கெல்சிதான்! தன் நாற்காலிக்கு ஆள் பார்க்கும் வேலையை யாராவது இவ்வளவு சந்தோஷமாகச் செய்வார்களா?

ஜர்கென்ஸ் முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். இரண்டாம் வருடம் கெல்சிக்கு வலது பக்கத்தில் நின்று ஆடினார். ஆக, மூத்தவர் எதைப் பார்த்து என்ன கத்துகிறார் என்பதை அந்த வருடம் தோளோடு தோள் நின்று கேட்டிருக்கிறார். புத்தகத்தில் இது கிடைக்காது.

ஆனாலும் ஒருவர் போனால் ஒரு ஓட்டைதான் என்று நினைக்காதீர்கள். ஜர்கென்ஸ் நடுவுக்கு வந்ததும் அவர் நின்ற வலது பக்கம் காலி. அங்கே மெக்காய் பெக்டன் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் அதுவரை ஓரத்தில் நின்று ஆடியவர், நியூயார்க் ஜெட்ஸ் அணியில் பெரிய நம்பிக்கையோடு ஆரம்பித்து, அடிபட்டு, பெயர் கெட்டுப்போனவர். அவரையும் புது இடத்துக்குப் பழக்க வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தை எடுத்தவர் 2013-லிருந்து ஈகிள்ஸ் லைன்மேன்களுக்குப் பயிற்சி தந்த ஜெஃப் ஸ்டவுட்லண்ட். என்னைக் கேட்டால் கெல்சிக்கு அடுத்த மரியாதை இவருக்குத்தான்.

2024 செப்டம்பர் 6, பிரேசிலில் சாவ் பாலோ நகரத்தில் முதல் மேட்ச். ஆரம்பத்திலேயே சென்டரிடமிருந்து குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் கைக்குப் பந்து போவதில் ஒரு பிசகு, எதிரணி எடுத்துக்கொண்டது. அன்றைக்கு எத்தனை பேர் “கெல்சி இருந்திருந்தால்...” என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள்! ஆனால் மேட்சை ஈகிள்ஸ்தான் ஜெயித்தது. அந்தப் பருவத்தில் 17-ல் 14 வெற்றி. இந்தச் சுவருக்குப் பின்னால் ஓடிய சாக்வான் பார்க்லி 2,005 கெஜம் ஓடினார். லீக் மேட்சுகளில் ஒரே பருவத்தில் 2,000 தாண்டியவர்கள் அவரோடு சேர்த்து மொத்தமே ஒன்பது பேர்தான்.

2025 ஜனவரி 26, சூப்பர் பௌலுக்கு முந்தின மேட்ச், வாஷிங்டனோடு. ஜர்கென்ஸுக்கு முதுகு வலி, நிற்கவே கஷ்டம். அவர் இடத்தில் டிக்கர்சன், அதாவது முதலில் எடுத்த அந்த வாரிசு, நடுவில் நின்றார். பாதியில் அவருக்கும் அடிபட்டது. வேறு வழியில்லை, முதுகு வலியோடு ஜர்கென்ஸ் உள்ளே வந்தார். கடைசிப் பகுதியில் கோட்டுக்குப் பக்கத்தில், சென்டரும் குவார்ட்டர்பேக்கும் சேர்ந்து முன்னால் முட்டி, பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிற அந்தப் பிரபலமான ‘டுஷ் புஷ்’. கெல்சி காலத்தில் பேர் வாங்கிய உத்தி. வாஷிங்டன் ஆள் ஒருவர் பொறுமை இழந்து திரும்பத் திரும்ப முன்னாலேயே தாவிக் குதித்தார். இனியும் இப்படிச் செய்தால் பாயின்ட்டை நாங்களே கொடுத்துவிடுவோம் என்று நடுவர் எச்சரித்தார். ஒவ்வொரு தடவையும் ஜர்கென்ஸ் அந்த முதுகோடு குனிந்து நின்றார். 55-23 வெற்றி. பிப்ரவரி 9-ல், நமக்கு மறுநாள் காலை 5 மணி, கான்சஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று அடித்துக் கோப்பை. (அன்றைக்கு முதல் பீரியடில் நான் கொட்டாவி விட்டதற்குக் காரணம் இதுதான்!)

இதை வைத்துச் சிலர் சொல்கிறார்கள்: “பார்த்தியா, கெல்சி இல்லாமலே ஜெயிச்சுட்டாங்க. அவ்வளவுதான் அவர் மதிப்பு.” எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. இடையில் இருந்தவர் போனதும் சுவர் விழவில்லை என்றால், போகிறவர் விழாதபடி செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். ஆளைத் தேர்ந்தெடுத்தது அவர் கண். பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தது அவர் வாய். அவர் மட்டும் என் இடம் போய்விடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால், சாவ் பாலோவில் பிசகியது ஒரு பந்தோடு நின்றிருக்குமா?

இன்னொரு பக்கம், “கெல்சி மாதிரி வருமா” என்று ஜர்கென்ஸை ஒவ்வொரு மேட்சிலும் அளக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நியாயமில்லை. கெல்சிக்கே நல்ல பேர் வர ஆறேழு வருடம் ஆயிற்று, அவருடைய முதல் ‘ஆல் புரோ’ 2017-ல்தான். 2024 பருவத்தில் ஜர்கென்ஸ் ‘புரோ பௌல்’ தேர்வு வரை போய்விட்டார். ஆனால் கோப்பைக்குப் பிறகு முதுகில் அறுவை சிகிச்சை. பெக்டன் வேறு அணிக்குப் போய்விட்டார். 2025-ல் லைன்மேன்கள் மாற்றி மாற்றி அடிபட்டார்கள். பார்க்லியின் ஓட்டமும் முந்தின வருடத்தைவிட ரொம்பக் குறைந்துபோனது. ஒருவர் வலியோடும் 156 மேட்ச் விடாமல் நின்றது எவ்வளவு அபூர்வம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பந்தைத் தள்ளுவதைக் கற்றுக் கொடுக்கலாம், எதிரியைப் படிப்பதைக் கற்றுக் கொடுக்கலாம். முதுகையும் முழங்காலையும் யார் யாருக்குக் கொடுப்பது?

ஈகிள்ஸ்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது போலும். 2025 ஏப்ரலில் ஜர்கென்ஸின் ஒப்பந்தத்தை இன்னும் நான்கு வருடத்துக்கு நீட்டினார்கள், அவருக்கு அப்போது 25 வயது. அதே மாதம் பாஸ்டன் காலேஜிலிருந்து ட்ரூ கெண்டல் என்று ஒருவரை ஐந்தாம் சுற்றில் எடுத்துக்கொண்டார்கள். அவரும் சென்டர்தான்.

– 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்