பல்லவியோட நின்னு போச்சா பாஸ்?



இந்த வாரம் உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. உங்க லேப்டாப்ல 'மை மியூசிக்'னு ஒரு ஃபோல்டர் இருக்கா? அதுக்குள்ள 'பீட் 1', 'பீட் 1 நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', 'சத்தியமா ஃபைனல்'னு ஃபைல்கள் வரிசையா தூங்குதா? ஆமான்னா, இந்த வாரப் பக்கம் உங்களுக்குத்தான். இல்லைன்னா உங்க ரூம் மேட்டுக்கு. ராத்திரி 2 மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கிட்டு, ஒரே துண்டு மியூசிக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தலையாட்டுவாரே, அவரேதான்!

இப்பல்லாம் பிளாக்குக்கு நாலு மியூசிக் டைரக்டர் இருக்காங்க. லேப்டாப், ஒரு மைக், எஃப்.எல். ஸ்டுடியோவோ கராஜ்பேண்டோ போதும், கடை ஆரம்பிச்சாச்சு. ஆனா, 'முடிச்ச பாட்டு ஒண்ணு போடு மச்சி'ன்னு கேட்டுப் பாருங்க... 'கொஞ்சம் மிக்ஸிங் பாக்கிடா'ன்னு பதில் வரும். போன செமஸ்டரும் அதே பதில்தான்!

சரி, ஒரு பாட்டை முழுசா முடிக்க நிஜமா எவ்ளோ நாள்தான் ஆகும்? பெரிய ஆளுங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு பார்த்தா, தலை கிர்ர்ருனு சுத்துது.

ஒரு நாளா... ஏழு மாசமா?

1963 பிப்ரவரி 11. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள்ள காலை 10 மணிக்கு பீட்டில்ஸ் பசங்க நாலு பேரும் போறாங்க. ராத்திரி 10.45-க்கு வேலை முடியும்போது 10 பாட்டு ரெடி! அவங்க முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யில மொத்தம் 14 பாட்டு. அதுல நாலு ஏற்கெனவே வந்தது. மிச்சம் பத்தும் அந்த ஒரே நாள்ல. ஜான் லெனனுக்கு அன்னிக்கு செம ஜலதோஷம். தொண்டை கிழியுற மாதிரி பாட வேண்டிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டை அதனாலேயே கடைசிக்கு வச்சாங்க. ஒரே டேக். அதுக்கு மேல அவருக்குக் குரலே இல்லை. அந்தக் கரகரப்புதான் இன்னிக்கு வரைக்கும் அந்தப் பாட்டோட அழகு.

அடுத்த சீன். 1966. அமெரிக்காவுல பீச் பாய்ஸ் குழு. பிரையன் வில்சன் 'குட் வைப்ரேஷன்ஸ்'ங்கிற மூணரை நிமிஷப் பாட்டை பிப்ரவரியில ஆரம்பிச்சு செப்டம்பர்லதான் முடிச்சார். பாட்டைத் துண்டு துண்டா, வேற வேற ஸ்டுடியோவுல பதிவு பண்ணி, டேப்பை வெட்டி ஒட்டினார். ஏழு மாசம்! அதுவும் சூப்பர் ஹிட்தான்.

நடுவுல 1975-ல குயீன் குழுவோட 'பொஹீமியன் ராப்ஸடி'. ஆறு நிமிஷத்துக்கு அஞ்சே செகண்ட் கம்மி. பதிவுக்கு சுமார் மூணு வாரம் ஆச்சு. குரல் மேல குரலா அடுக்கி அடுக்கி, டேப்பே தேஞ்சு போற அளவுக்கு ஓட்டியிருக்காங்க.

ஒரே நாள்ல பத்துப் பாட்டு, மூணு வாரத்துல ஒண்ணு, ஏழு மாசத்துல ஒண்ணு. இதுல எது கரெக்ட்? எல்லாமே கரெக்ட்தான் பாஸ். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. பீட்டில்ஸ் கையில அன்னிக்கு இருந்தது ரெண்டே ட்ராக் கொண்ட டேப் மெஷின். 'அப்புறமா பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போட அதுல வழியே இல்லை. குயீன்கிட்ட 24 ட்ராக். உங்க லேப்டாப்ல ட்ராக்குக்கு அளவே இல்லை, 'அன்டூ' பட்டனுக்கும் அளவே இல்லை. வழி கூடக் கூட நாளும் கூடுது. இதுதான் மேட்டர்!

நம்ம கோடம்பாக்கத்துலயும் இதே கதைதான். இளையராஜா காலையில நோட்ஸ் எழுதிக் கொடுத்து, வாத்தியக்காரங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து வாசிச்சு, அன்னிக்கே பாட்டு பதிவாகும். நடுவுல ஒரு வயலின் தப்பினா எல்லாரும் மறுபடி முதல்லேர்ந்து! ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல வீட்டுலயே ஸ்டுடியோ கட்டினார். கம்ப்யூட்டர், சின்தசைசர்னு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமா செதுக்குற வேற ஒரு வழி அது. 1992-ல 'ரோஜா' வந்து ஊரையே திரும்பிப் பார்க்க வச்சது. ரெண்டு வழியிலும் காவியம் உண்டு. ஆனா ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு இருந்தது: ரிலீஸ் தேதி! தயாரிப்பாளர் வாசல்ல நிப்பார். உங்க ஹாஸ்டல் ரூம் வாசல்ல யாரும் நிக்கலை. அதுதான் பிரச்னையே.

91-வது மிக்ஸ்

மைக்கேல் ஜாக்சனோட 'பில்லி ஜீன்' தெரியும்ல? 1982-ல அதை மிக்ஸ் பண்ணினவர் சவுண்ட் இன்ஜினீயர் ப்ரூஸ் ஸ்வீடியன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு 91 தடவை மிக்ஸ் பண்ணினார் மனுஷன். கடைசியில தயாரிப்பாளர் க்வின்ஸி ஜோன்ஸ், 'ரெண்டாவது மிக்ஸைக் கொஞ்சம் போடுங்க, கேட்போம்'னு சொல்லியிருக்கார். கேட்டாங்க. நாம எல்லாரும் இன்னிக்கு ஆடுறது அந்த ரெண்டாவது மிக்ஸுக்குத்தான்! மிச்சம் 90-ம் அம்பேல்.

உடனே 'அப்போ ரெண்டாவது மிக்ஸோட விட்டுடலாம்'னு குதிக்காதீங்க. அதே 'த்ரில்லர்' ஆல்பத்துல இன்னொரு கதை இருக்கு. அவசர அவசரமா முடிச்சுட்டு மொத்தமாப் போட்டுக் கேட்டா, சத்தம் சப்புனு இருக்கு. காரணம் என்னன்னா, இசைத்தட்டோட ஒரு பக்கத்துல அளவுக்கு மேல நிமிஷங்களைத் திணிச்சுட்டாங்க. நிமிஷம் கூடினா தட்டுல வரிகள் நெருக்கமாகும், சத்தமும் பேஸும் குறையும். சரின்னு ரெண்டு மூணு நாள் ஓய்வெடுத்துட்டு, பாட்டுகளைச் சுருக்கி, ஒரு நாளைக்கு ஒரு பாட்டுன்னு மறுபடி மிக்ஸ் பண்ணி முடிச்சாங்க.

ரெண்டு கதைக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டாவதுல குறை என்னன்னு ஒரே வரியில சொல்ல முடிஞ்சுது. அதனால மருந்தும் தெரிஞ்சுது, முடிவும் வந்துது. 'பேஸ் குரலை அமுக்குது' - இது குறை, திருத்துங்க. 'என்னமோ மிஸ்ஸிங் மச்சி' - இது குறை இல்லை, தூக்கம். போய்ப் படுங்க!

16 செகண்ட் வியாதி

நம்ம பசங்க மாட்டிக்கிறது பெரும்பாலும் மிக்ஸிங்குக்கு முன்னாடியே. எட்டு பார் லூப் ஒண்ணு அட்டகாசமா வந்துடும். அங்கேயே வண்டி நின்னுடும். சின்னக் கணக்கு போடலாமா? நிமிஷத்துக்கு 120 பீட், பாருக்கு நாலு பீட்னா, எட்டு பார்ங்கிறது வெறும் 16 செகண்ட். மூணு நிமிஷப் பாட்டுக்கு 90 பார் வேணும். அதாவது, நீங்க மூணு மாசமா மெருகு போட்டுக்கிட்டு இருக்கிறது பாட்டுல பத்துல ஒரு பங்கு கூட இல்லை. பல்லவிக்குப் பொட்டு வச்சுப் பூ வச்சு உட்கார வச்சிருக்கீங்க, சரணம் இன்னும் பொறக்கவே இல்லை!

இதுக்கு எஃப்.எல். ஸ்டுடியோவோட ட்ரயல் வெர்ஷனே ஒரு வைத்தியம் வச்சிருக்கு. அதுல சேவ் பண்ணின ப்ராஜெக்டை, காசு கொடுத்து வாங்குற வரைக்கும் திரும்பத் திறக்க முடியாது. ஆனா பாட்டை ஆடியோ ஃபைலா எடுத்துக்கலாம். உட்கார்ந்த இடத்துலயே முடிச்சாத்தான் உண்டு. காசில்லாத ஜூனியர் பசங்க பாட்டை முடிக்கிறாங்க, காசு கொடுத்து வாங்கின சீனியர்கள் ஃபோல்டரை நிரப்புறாங்க. எங்க ஹாஸ்டல்ல நான் பார்க்கிற வேடிக்கை இது.

பாட்டிக்குக் கேட்டது

எங்க ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணன். செகண்ட் இயர் பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்ப, பாட்டி பாடின தாலாட்டை மொபைல்ல பதிவு பண்ணிட்டு வந்தார். அதைச் சுத்தி மியூசிக் போடணும்னு ஆசை. போட்டார். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமா வந்துது. ஆனா முடிக்கலை. சலங்கைச் சத்தம் இன்னும் மினுமினுக்கணும், வயலின் இன்னும் காத்து மாதிரி வரணும்னு ஒன்றரை வருஷம். ஒவ்வொரு லீவுலயும் பாட்டி கேட்கும், 'என்னய்யா, எம் பாட்டு ஆச்சா?' இவர், 'மிக்ஸிங் போயிட்டு இருக்கு அப்பத்தா'ம்பார்.

போன தீபாவளிக்கு ஒரு வழியா எடுத்துட்டுப் போய், பாட்டி காதுல ஹெட்போனை மாட்டினார். இந்த ஒன்றரை வருஷத்துல பாட்டிக்குக் காது மந்தமாகியிருந்தது. வயசாகும்போது முதல்ல போறது மேல்ஸ்தாயிச் சத்தங்கள்தான். சலங்கை, வயலினோட மேல் முனை, நுனி நாக்குல பொறக்கிற 'ஸ்' ஓசை இதெல்லாம். அதாவது, அண்ணன் எதுக்காக ஒன்றரை வருஷம் உட்கார்ந்தாரோ, சரியா அது மட்டும் பாட்டிக்குக் கேட்கலை. 'வயலின் வருதா அப்பத்தா?'ன்னு கேட்டிருக்கார். 'அதெல்லாம் தெரியலை சாமி. மேளம் கேக்குது. எங் கொரல் கேக்குது'ன்னு சொல்லிட்டு, இன்னொரு தடவை போடச் சொல்லுச்சாம்.

அண்ணன் ஹாஸ்டலுக்கு வந்து இதைச் சொன்னப்ப சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அன்னிக்கே உட்கார்ந்து இன்னும் ரெண்டு பாட்டை முடிச்சார். ஒரு பாட்டுக்கு எவ்ளோ நாள் ஆகலாம்ங்கிறதை நீங்க மட்டும் முடிவு பண்றது இல்லை மக்களே. அதுக்காகக் காத்திருக்கிற காதும் முடிவு பண்ணுது. ஃபைனல் இயர் முடிஞ்சா ஆளுக்கொரு ஊர். கிட்டார் வாசிச்சவன் ஒரு கம்பெனியில, பாடின பொண்ணு ஒரு ஊர்ல. உங்க கேன்டீன் பெஞ்சு கூட்டம் மறுபடி ஒரே ரூம்ல உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்குமா, சொல்லுங்க?

அப்போ எத்தனை நாள்?

என்னைக் கேட்டா, தினம் ரெண்டு மணி நேரம் ஒதுக்கினா ரெண்டு வாரம் தாராளம். இது சட்டம் இல்லை, எங்க ப்ளாக்ல முடிச்சுக் காட்டினவங்ககிட்ட பொறுக்கின வழி.

முதல் ரெண்டு நாள் மெட்டு. தத்தகாரம் போதும், வரி அப்புறம். மூணாவது நாள் முடியறதுக்குள்ள பல்லவி, இடையிசை, சரணம், முடிவுன்னு மூணு நிமிஷத்துக்கும் எலும்புக்கூடு நிக்கணும். அசிங்கமா இருந்தாலும் பரவாயில்லை, முழுசா இருக்கணும்! அடுத்த அஞ்சு நாள் வரி, வாத்தியம், குரல் பதிவு. ஒன்பதாவது நாள் வேண்டாததை வெட்டுங்க. பத்தாவது நாள் தொடவே தொடாதீங்க. தொடர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தா காது பழகிப்போய் எது நல்லா இருக்குன்னே தெரியாது. பதினொண்ணு, பன்னிரண்டு மிக்ஸிங். சத்தம் குறைச்சு வச்சே பண்ணுங்க. பதிமூணாவது நாள் மொபைல் ஸ்பீக்கர்லயும், காலேஜ் பஸ் இரைச்சல்லயும் போட்டுக் கேட்டு, ஒரே வரியில சொல்ல முடியுற குறைகளை மட்டும் பேப்பர்ல எழுதித் திருத்துங்க. பதினாலாவது நாள் மாஸ்டரிங். அதுல சத்தத்தை ஏத்து ஏத்துன்னு ஏத்தி ஒரு வாரத்தை வீணாக்காதீங்க. ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குத் தானாவே குறைச்சுடும்!

அப்புறம் முக்கியமான ஒண்ணு. ஆரம்பிக்கிற அன்னிக்கே தேதியைக் குறிச்சு, யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க. கல்ச்சுரல்ஸ், ஃபேர்வெல், அம்மா பிறந்த நாள்... எதுவா இருந்தாலும் சரி. வாசல்ல நிக்க ஒரு தயாரிப்பாளர் வேணும்ல?

இன்னிக்கு ராத்திரி அந்த ஃபோல்டரைத் திறங்க. பழைய ஃபைல் ஒண்ணே ஒண்ணை எடுங்க. சரணத்துல கை வைங்க. 'சத்தியமா ஃபைனல்'ங்கிற பேரை அழிச்சுட்டு, பாட்டுக்கு ஒரு நல்ல பேர் வைங்க.

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட வர்றேன். வரட்டா!